‘ஏதாவது’ என்று ஒரு காய் கிடையாது

ஜூன் 12

அண்ணிக்கு,

நான்கு நாளாகப் போன் அடித்துப் பார்த்துவிட்டேன். மணி போகிறது, நீங்கள் எடுப்பதாக இல்லை. அதனால் எழுதுகிறேன். என் கையெழுத்து புரியவில்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவருக்குக் கண்ணாடிக்கா பஞ்சம்?

ஞாயிற்றுக்கிழமை நான் அப்படி என்ன பெரிதாகச் சொல்லிவிட்டேன்? இரண்டு மாதம் கழித்து அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். ஒரு பாத்திரத்தைத் திறந்தேன், பருப்பு. இன்னொன்றைத் திறந்தேன், உருளைக்கிழங்கு. “இன்னிக்கும் இதேதானா அண்ணி?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அண்ணனும் சிரித்தான், அப்பாவும் சிரித்தார். நீங்கள் அடுப்பை அணைத்தீர்கள், கையைத் துடைத்தீர்கள், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள். நாங்கள் என்னவோ ஏதோ என்று பதறிப்போய் உங்கள் மகளைத் தேட அனுப்பினால், அவள் திரும்பி வந்து, “அம்மா முக்குல ரொட்டிக் கடையில இருக்காங்க அத்தை. நல்லாத்தான் இருக்காங்க. ரெண்டாவது டீ சொல்லிட்டாங்க” என்கிறாள். விருந்தாளியை வீட்டில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் கடையில் உட்கார்ந்து டீ குடிக்கிறீர்கள்.

சரி, அது போகட்டும். நேற்று அண்ணன் பேசினான். “இனிமே என்ன சமைக்கிறதுன்னு அவ யோசிக்க மாட்டாளாம். நாங்க சொன்னா செய்வாளாம். சொல்லலைன்னா வெறும் சோறும் உப்பும்தானாம். மூணு நாளா அதைத்தான் தின்னுட்டிருக்கோம்” என்றான். அவனுக்குச் சிரிப்பு வந்திருக்கலாம், எனக்கு வரவில்லை. அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது. கத்தரிக்காய் என்றால் உயிரை விடுவார். அம்மா இருந்தவரை வாரத்தில் இரண்டு நாளாவது அது இல்லாமல் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததில்லை. அவருக்கு வெறும் சோறா?

யோசிக்க முடியவில்லை என்றால் யோசிக்க வேண்டாம். நான் நடத்துகிற விடுதியில் எந்த நாளுக்கு என்ன சமையல் என்று எழுதி மாட்டியிருக்கிற பலகையை அப்படியே நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஏழு நாள், மூன்று வேளை. நர்ஸ் படிப்புப் படிக்கிற நூற்றெண்பது பெண்கள் இதைத்தான் சாப்பிடுகிறார்கள். ஆறு வருடமாக ஒரே பலகை. ஒருத்தி வாயைத் திறந்ததில்லை. சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டு அதன்படி செய்யுங்கள். வேலை முடிந்தது.

இதற்கும் மனமில்லை என்றால் சொல்லிவிடுங்கள், அப்பாவை நான் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

உங்கள் நாத்தனார்

•

ஜூன் 16

மிளகுக்கு,

இந்தப் பட்டப்பெயரை உனக்கு வைத்தவர் யாரோ, கெட்டிக்காரர். ஆள் சின்னது, கடித்தால் கண்ணில் நீர் வருகிறது.

போனை வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. போனில் நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் நீ அதை முடிப்பாய், அதுவும் உனக்குத் தோதாக. கடிதம் என்றால் ஒருத்தி முடிக்கும்வரை இன்னொருத்தி காத்திருந்தாக வேண்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது. இப்படியே எழுதிக்கொள்வோம்.

நீ மூடியைத் திறந்ததிலிருந்து கதையை ஆரம்பிக்கிறாய். நான் காலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அன்று காலை எழுந்ததும் உன் அண்ணனிடம் கேட்டேன், “மிளகு வருது, என்ன சமைக்கட்டும்?” செய்தித்தாளைக் கீழே இறக்காமலே, “ஏதாவது செய்” என்றார். மாமாவிடம் போனேன். “உனக்கு எது தோதோ அதைச் செய்யம்மா” என்றார். என் மகளிடம் கேட்டேன். தலைக்கு மேலே போர்வையை இழுத்துக்கொண்டு, “எதுனாலும் ஓகேம்மா” என்றாள். கடைசியாக உனக்கே போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? “நீங்க எது வச்சாலும் சரி அண்ணி” என்றாய். நான்கு பேர், நான்கு ‘ஏதாவது’. கூடையைத் தூக்கிக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போனேன். ‘ஏதாவது’ என்று ஒரு காய் அங்கே விற்கவில்லை. கடைக்காரர் தராசைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறார், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். எனக்கு எதுவுமே தோன்றவில்லை. மண்டைக்குள் யாரோ விளக்கை அணைத்துவிட்டதுபோல இருந்தது. உருளைக்கிழங்கு கையில் பட்டது, வாங்கிவந்தேன்.

என் வேலை உனக்குத் தெரியும். நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்து, கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றி வைத்து, “இதுல தெளிவா இருக்கா, இல்ல இதுல தெளிவா இருக்கா?” என்று கேட்பது. பகல் முழுவதும் இதே கேள்வி. ஆனால் அவர்கள் பதில் சொல்வார்கள். “ரெண்டாவது” என்பார்கள், “முதல்லது” என்பார்கள், சந்தேகமிருந்தால், “இன்னொரு தடவை காட்டுங்க” என்பார்கள். யாரும் “உங்களுக்கு எது தோதோ அதை மாட்டிவிடுங்க” என்று சொல்வதில்லை. முன்பின் தெரியாதவர்கள் எனக்குக் கொடுக்கிற மரியாதையைத்தான் வீட்டில் கேட்கிறேன்.

அடுப்பில் நிற்பது எனக்குக் கஷ்டமில்லை. கை பாட்டுக்கு வேலை செய்யும். நாளைக்கு என்ன என்று இன்றைக்கே யோசித்து, அதில் யாருக்கு எது ஆகாது என்று கழித்து, மிச்சமிருப்பதில் நேற்று வைத்ததைக் கழித்து, கடைசியில் ஒன்றும் மிஞ்சாமல் நிற்கிறேனே, அதுதான் கஷ்டம். அந்த வேலையை இனி நான் ஒருத்தியே செய்யமாட்டேன். ஆளுக்கு ஒரு நாள். அவரவர் நாளில் என்ன சமையல் என்று அவரவர் சொல்ல வேண்டும், சாமானும் வாங்கிவர வேண்டும். எல்லோரும் சேர்ந்து சமைப்போம். சொல்லாதவர் நாளில் சோறும் உப்பும். மூன்று நாள் அப்படித்தான் போயிற்று. யாரும் சாகவில்லை.

உன் பலகையைப் படித்தேன். நூற்றெண்பது பேரும் வாயைத் திறக்கவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அவர்களிடம் யாராவது கேட்டீர்களா? அந்த நகலை மடித்து, ஆடுகிற மேஜைக்கால் ஒன்றுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இப்போது ஆடவில்லை. நன்றி.

மாமாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவர் வருவதாக இருந்தால் தாராளமாகக் கூட்டிக்கொண்டு போ.

அண்ணி

•

ஜூன் 19

அண்ணி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை இன்னும் கோபம் வந்தது.

ஆறு வருடம் நான் நடத்துகிற விடுதியைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறீர்கள். அதுகூடப் பரவாயில்லை. ஆனால் அப்பா பேருந்தில் கண்டக்டர் பை மாட்டிக்கொண்டு நின்றபடியே சம்பாதித்து எங்களை வளர்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒரு கவளம் நிம்மதியாகச் சாப்பிட அவருக்கு உரிமை இல்லையா? “அவரவர் நாளில் அவரவர் சொல்ல வேண்டும்” என்று எழுபத்தைந்து வயதுக்காரரிடம் சட்டம் பேசுகிறீர்கள். அண்ணன் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டுக் கை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கோடு வருகிறவன். அவனைக் கூடையோடு கடைத்தெருவுக்கு விரட்டுகிறீர்கள்.

சனிக்கிழமை காலையில் வருகிறேன். அப்பாவின் துணிமணி, மாத்திரை எல்லாம் தயாராக இருக்கட்டும். எனக்காக எதுவும் சமைக்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன்.

நாத்தனார்

•

ஜூன் 24

மிளகு,

வந்தாய், கூட்டிக்கொண்டு போய்விட்டாய். வாசலில் கார் நின்றது, நீ உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. மாமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “வரேம்மா” என்றார். “சரி மாமா” என்றேன். இருங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருந்திருப்பார். அதனால்தான் சொல்லவில்லை. அவரும் எனக்காக என்று ஒன்றைச் செய்துவிட்டு, அது அவருக்குப் பிடித்ததா இல்லையா என்று நான் வருடக்கணக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். அவர் நாற்காலியில் உன் மருமகள் இப்போது புத்தகப் பையை வைக்கிறாள். எடு என்று சொல்கிறேன், மறுபடி வைக்கிறாள்.

ஆனால் என் சட்டத்தை நான் விடவில்லை. இதைக் கேள்.

ஞாயிறு உன் அண்ணன் நாள். காலையில் வழக்கம்போலச் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார். நான் உப்பு ஜாடியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். தாளை இறக்கினார். “எனக்கு நெஜமாவே ஒண்ணும் தோண மாட்டேங்குது” என்றார். முதல் தடவையாக அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னார். “எனக்கும் இத்தனை வருஷமா அப்படித்தான் இருந்துச்சு” என்றேன். தாளை மடித்து வைத்தார். பிறகு, “இரு, நேத்து அந்த அடுக்குமாடியில ஒரு வாசனை வந்துச்சு” என்றார்.

லிஃப்ட் ஓடுகிற அந்தக் கூண்டுக்கிணறு இருக்கிறதே, அதற்குள் எல்லா மாடிச் சமையல் வாசனையும் வந்து சேருமாம். அவர் கயிற்றுக்கும் சுவருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு போல்ட் முடுக்கும்போது ஒவ்வொரு மாடியாக மூக்கில் ஏறுமாம். “மூணாவது மாடியில மீனைப் பொரிக்க மாட்டாங்க. தக்காளியும் பூண்டும் நெறய போட்டு அதுலயே வேக விடுவாங்க. அந்த வாசனைக்கு நான் ரெண்டு தடவை ஸ்பானரைக் கீழ போட்டிருக்கேன்” என்றார். இத்தனை வருடம் அந்த மனிதர் ஊர்ச் சமையல் எல்லாவற்றையும் மூக்கில் ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் “ஏதாவது செய்” என்று சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் மீன் வாங்கக் கூடையைக் கொடுத்து அனுப்பினேன். முள்ளோடு முள்ளாக ஏதோ பொடிமீனை வாங்கிவந்தார். பூண்டு கருகிவிட்டது. இருந்தாலும் மூவரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம்.

திங்கள் உன் மருமகள் நாள். அவள் வழி வேறு. கடையில் இதுவரை நாங்கள் வாங்காத ஒன்றாகப் பார்த்து எடுத்திருக்கிறாள். பந்து மாதிரி, வெளிர் பச்சையாக, நாலு பக்கமும் காம்பு நீட்டிக்கொண்டு ஒரு காய். “இது பேரென்ன?” என்றேன். “பேரைக் கேக்கலம்மா, எப்படிச் செய்யறதுன்னுதான் கேட்டேன்” என்றாள். கடைக்காரர் வீட்டில் அதைத் துருவி, முட்டை உடைத்துக் கலந்து, கல்லில் தட்டையாக ஊற்றி எடுப்பார்களாம். அதன்படியே செய்தோம். ருசி சுமார்தான். அவள் மூன்று தின்றாள், தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்பதால்.

என் நாள் இன்று. நானும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் வில்லை மாற்றுகிற நேரத்தில், “நேத்து வீட்ல என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்கிறேன். ஒரு தபால்காரர், பழைய ரொட்டியை வெங்காய சூப்பில் ஊறப்போட்டுச் சாப்பிட்டதை வாசிக்க வேண்டிய எழுத்துப் பலகையையே மறந்துவிட்டு விவரித்தார். கடை முதலாளி கூப்பிட்டு, “இது கண்ணாடிக் கடையா, சாப்பாட்டுக் கடையா?” என்றார். “பேசிட்டிருந்தா அவங்க கண்ணைச் சுருக்கறதில்ல சார், அளவு சரியா வருது” என்றேன். உண்மையும் அதுதான். நான் நிறுத்தப் போவதில்லை.

மாமா எப்படி இருக்கிறார்? அவர் நாள் புதன். அந்த இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை.

அண்ணி

•

ஜூலை 4

அண்ணி,

எழுதத் தாமதமாகிவிட்டது. காரணம் கேட்டால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அதை நினைத்தால் எழுதவே கை வரவில்லை.

அப்பா வந்த முதல் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் என்னோடு உட்கார்ந்து, தட்டில் போட்டதைச் சாப்பிட்டார். அவர் முகம் வாடியிருக்கிறதே என்று சமையல்காரரிடம் தனியாகச் சொல்லி, கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கி ஒரு கிண்ணத்தில் கொண்டுவரச் சொன்னேன். கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே” என்றார். “எனக்குக் கத்தரிக்காய் ஆகாதும்மா. தொண்டை அரிக்கும். கல்யாணமான புதுசுல உங்கம்மா ஆசையா செஞ்சு வச்சா. நல்லாருக்குன்னு சொல்லித் தொலைச்சேன். அவ்வளவுதான், மாட்டிக்கிட்டேன்.”

அண்ணி, அம்மா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அப்புறமும் நீங்கள் வாரா வாரம் அதைச் செய்தீர்கள், நானும் ஒவ்வொரு முறை வரும்போதும் செய்தீர்களா என்று கேட்டேன். அவரிடம், “ஏன்ப்பா சொல்லல?” என்றேன். “யாரும் கேக்கலையே. உங்க அண்ணிதான் மொதல்ல கேட்டா, உங்க நாள்ல என்ன வேணும்னு. பதில் தேடிட்டிருந்தேன், அதுக்குள்ள நீ கார் கொண்டாந்துட்ட” என்றார். நானே அந்தக் கிண்ணத்தைத் திருப்பி அனுப்பினேன்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அப்பாவுக்குப் பகலில் பொழுது போகவில்லை. பேருந்தில் வரிசையாக, “எங்க போகணும், எங்க போகணும்” என்று கேட்டுக்கொண்டே போன பழக்கம் விடுமா? சாப்பாட்டு நேரத்தில் மேஜை மேஜையாகப் போய், “உனக்கு என்னம்மா சாப்பிடணும்போல இருக்கு?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். முதல் நாள் பெண்கள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் ஒருத்தி சொன்னாள். பிறகு எல்லோரும் சொன்னார்கள். இரவுப் பணி முடித்து வருகிற பெண்களுக்குக் காலையில் ஆறிப்போன கஞ்சி இறங்கவில்லையாம், சூடாக ஒரு முட்டை வேண்டுமாம். ஒருத்திக்கு வாரத்தில் ஒரு நாளாவது கீரை வேண்டுமாம். ஆறு வருடம் இதில் ஒன்றுகூட என் காதுக்கு வரவில்லை.

நேற்று வியாழன். பலகைப்படி இரவுக்கு முட்டைக்கோஸும் சோறும். கூடத்துக்குள் போனேன். நூற்றெண்பது தட்டும் கவிழ்த்து வைத்திருந்தது. பெண்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். கடைசி மேஜையில் அப்பா. அவர் தட்டும் கவிழ்ந்திருந்தது.

விஷயம் விடுதிச் செயலாளருக்குப் போய்விட்டது. இன்று காலை கூப்பிட்டார். “இதை யார் தூண்டிவிட்டது? பேரை எழுதிக் குடுங்க. அந்தப் பெண்ணை விடுதியை விட்டு அனுப்பணும். இல்லைன்னா உங்க பொறுப்பை வேறு யாருக்காவது தர வேண்டியிருக்கும்” என்றார். அடுத்த வியாழன்வரை அவகாசம்.

தூண்டியது யார் என்று எழுதுவேன்? சொந்த அப்பா என்றா? எல்லாம் உங்கள் வீட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வியாதி. என்ன செய்வதென்று தெரியவில்லை. உங்களைத் தவிர இதை எழுத எனக்கு ஆளும் இல்லை. அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

மிளகு

•

ஜூலை 7

அன்புள்ள மிளகுக்கு,

முதலில் கத்தரிக்காய். எனக்கும் அந்த வாசனை ஆகாது. மூக்கைத் திருப்பிக்கொண்டுதான் இத்தனை வருடம் வதக்கினேன். பிடிக்காதவர் ஒருத்தருக்காகப் பிடிக்காத இன்னொருத்தி அடுப்பில் நின்றிருக்கிறேன். படித்ததும் கோபப்படலாமா என்று பார்த்தேன், சிரிப்புதான் வந்தது. உன் அண்ணனிடம் சொன்னேன். “எனக்கும்தான் பிடிக்காது” என்றார். அவரை என்ன செய்வதென்று நீயே சொல்.

இப்போது உன் விஷயம். தூண்டியவர் பெயர் வேண்டுமென்றால் என் பெயரை எழுதிக்கொடு. முகவரியையும் கொடு. அவர் என்னை எந்த விடுதியிலிருந்து வெளியேற்றுவார் என்று பார்க்கிறேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வேண்டுமென்றால் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு அங்கே வந்து அவர் மேஜைக்கு முன்னால் நிற்கிறேன்.

ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயரைக்கூட எழுதாதே. ஒரு பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால், மற்றவர்கள் மறுநாளே தட்டை நிமிர்த்திவிடுவார்கள். சாப்பாடு பிடித்துப்போய் நிமிர்த்த மாட்டார்கள். அதற்குப் பிறகு உன்னால் அந்தக் கூடத்துக்குள் நடக்க முடியாது. எனக்கு உன்னைத் தெரியும். எட்டாம் வகுப்பில் வாத்தியார், தப்புச் செய்தவர் பெயரைக் கேட்டபோது யாரையும் காட்டிக்கொடுக்காமல் வெயிலில் நின்றவள் நீ என்று உன் அண்ணன் சொல்லியிருக்கிறார். அந்தத் திமிர் எங்கே போயிற்று?

வேலை போய்விடும் என்று பயமாக இருந்தால் அதையும் சொல். பயப்படாதே என்று சும்மா எழுத எனக்கு வாய் வராது. போனால் இங்கே வந்துவிடு. உன் பேரில் ஒரு நாள் ஒதுக்குவேன். அந்த நாளில் நீ சொல்லாவிட்டால் உனக்கும் உப்புதான்.

மாமாவிடம் சொல், தட்டைக் கவிழ்த்தது ரொம்பச் சரி என்று.

அண்ணி

•

ஜூலை 13

அன்புள்ள அண்ணிக்கு,

நான் அப்பா பெயரையும் எழுதவில்லை, உங்கள் பெயரையும் எழுதவில்லை. தாளை எடுத்து, ‘இந்த விடுதியில் யாருக்கு என்ன வேண்டும் என்று ஆறு வருடமாகக் கேட்காதவள் நான். தட்டைக் கவிழ்க்க வைத்தவளும் நான்தான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுச் செயலாளரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு, “இது என்ன விளையாட்டு?” என்றார். “விளையாட்டு இல்ல சார். இன்னிக்கு வியாழன். ராத்திரி நீங்களும் வந்து சாப்பிடுங்க. அதுக்கப்புறம் என்னை அனுப்பறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க” என்றேன்.

வந்தார். அவருக்கென்று தனியாக ஒன்றும் செய்யக்கூடாது என்று சமையல்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சமையல்காரர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும், அவருக்கும் அந்த முட்டைக்கோஸைக் கண்டால் ஆகாதாம். செயலாளர் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். அப்பா எதிரில் போய் உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது கவளத்தில் செயலாளர் தண்ணீர் கேட்டார். ஐந்தாவதில் கையை எடுத்துவிட்டார். அப்பா விடவில்லை. “உங்க வீட்ல இன்னிக்கு என்ன சார்?” என்று கேட்டார். அவர் யோசித்தார். “தெரியலையே. என்ன வைக்கிறாங்களோ அதைச் சாப்பிடுவேன்” என்றார். “அவங்க கேக்கறப்ப என்ன சொல்வீங்க?” என்றார் அப்பா. “ஏதாவது செய்னுதான்” என்றார் அவர். நூற்றெண்பது பெண்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். யாரையும் வெளியே அனுப்பவில்லை. ஆனால் எனக்கு எழுத்து மூலமாக ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது. இன்னொரு தடவை நடந்தால் பேச்சே இல்லை, நேராக வீடுதான். அதை வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பெண்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார். அந்த இரண்டை மூன்றாக்குவேன். அவர் என்ன எழுதினாலும் சரி.

நேற்று முதல் கூட்டம் போட்டோம். ஒரு மணி நேரம் சண்டை. ஒருத்திக்குக் காரம் ஆகாது, ஒருத்திக்கு முட்டை ஆகாது, ஒருத்திக்கு எதுவும் தோன்றவில்லை. நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் காய்கறிக் கடையில் கூடையோடு நின்ற உங்கள் முகத்தை நினைத்துப் பார்த்தேன். அந்தக் கணத்தில் நீங்கள் எழுதியிருந்த அண்ணனின் வாசனைக் கதையைச் சொன்னேன். உடனே ஒவ்வொருத்தியும், தான் தெருவில் நடந்துபோகும்போது எந்த வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றாள் என்று சொல்ல ஆரம்பித்தாள். அதிலிருந்தே இரண்டு நாள் சமையலும் முடிவாகிவிட்டது.

அன்று நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று இப்போது சொல்கிறேன். மன்னிப்பு இல்லை, காரணம் மட்டும். இரண்டு மாதமாக அந்தப் பலகைச் சாப்பாட்டையே தின்றுவிட்டு, உங்கள் வீட்டில் வேறு ஏதாவது இருக்கும் என்று பேருந்தில் வரும்போதே கற்பனை செய்துகொண்டு வந்தேன். திறந்தால் அங்கேயும் அதே பருப்பு. எனக்கு அழுகைதான் வந்தது. அதைச் சிரிப்பாக்கிவிட்டேன்.

அப்பா அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறார். சமாதானம் ஆகிவிட்டது என்றெல்லாம் இல்லை, தன் புதன்கிழமை வீணாகிறதாம். என்ன கேட்கப்போகிறார் என்று என்னிடமும் சொல்லவில்லை. நான் கொண்டுவந்து விடுகிறேன், ஞாயிறுவரை இருப்பேன். எனக்கும் ஒரு நாள் வேண்டும். ஒதுக்குவதாக எழுதியிருக்கிறீர்கள், பின்வாங்காதீர்கள்.

ஒரு விஷயம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நூற்றெண்பது பேர் சமையலை மேய்க்கிறேனே தவிர, எனக்குச் சமைக்கத் தெரியாது. என் அறையில் இருக்கிற மின்னடுப்பில் வெந்நீரைத் தவிர எதுவும் வைத்ததில்லை.

மிளகு

•

ஜூலை 16

மிளகு,

ஞாயிறு உன் நாள். எழுதி வைத்துவிட்டேன், உன் அண்ணன் நாளை வியாழனுக்குத் தள்ளியிருக்கிறேன். முணுமுணுத்தார், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சமைக்கத் தெரியாது என்பதெல்லாம் ஒரு சாக்கா? உன் அண்ணனுக்குத் தெரியுமா என்ன? வெங்காயம் நறுக்க நான் இருக்கிறேன், உன் மருமகள் இருக்கிறாள். எதைச் செய்வது என்று மட்டும் நீ சொல்ல வேண்டும். அதை நான் சொல்லித்தர மாட்டேன். கிளம்புமுன் எனக்குப் போன் செய்து கேட்காதே, எடுக்க மாட்டேன். வரும் வழியில் எதையாவது பார், மோந்து பார், பக்கத்து இருக்கைக்காரரைக் கேள். வெறும் கையோடு வந்தாலும் வா, ஆனால் வாயில் ஒரு பதிலோடு வா.

கருகினால் கருகட்டும். உப்புக் கூடினால் தண்ணீரைக் குடித்துக்கொள்வோம். ஆனால் ஒன்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றுதான் சொல்வேன், உன் முகத்துக்கு நேராக, எல்லோருக்கும் முன்னால். மாமாவும் சொல்வார், இப்போது அவருக்குப் பழகிவிட்டது. நீ விருந்தாளி இல்லை. இந்த வீட்டில் உனக்கு இனிமேல் உபசாரம் கிடையாது.

உன் அண்ணி